எட்னா மலை ஒயின்: மண்ணும் வானிலையும் பழைய கல் தொட்டிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலி ஒயின் என்றதும் பேச்சு டஸ்கனிக்கோ பியட்மாண்டுக்கோ போய்விடும். இந்தப் பக்கம் சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் இன்னும் புகைந்துகொண்டிருக்கும் எட்னா எரிமலையைப் பற்றியது. எட்னா சிவப்பு ஒயினை முதல்முறை குடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இதில் எரிமலை எங்கே இருக்கிறது?" நெருப்பைவிட உயரத்துக்கும் மணலுக்கும் கல் சுமந்த தோள்களுக்கும்தான் இதில் பங்கு அதிகம் என்பது என் கட்சி. ஏன் என்பது கீழே.

எட்னா ஒயின் என்று எதைச் சொல்கிறார்கள்? மலை முழுக்கவா?

இல்லை. இத்தாலியில் ஒரு பகுதியின் பெயரை ஒயின் பாட்டிலில் போட டி.ஓ.சி. என்ற அங்கீகாரம் வேண்டும். எட்னாவுக்கு அது 1968-இல் கிடைத்தது. சிசிலியில் அதைப் பெற்ற முதல் பகுதி இதுதான். வரைபடத்தில் பார்த்தால் மலையைச் சுற்றி ஒரு பிறை போலத் தெரியும். வடக்கே ரண்டாட்சோவில் தொடங்கி காஸ்டிலியோனே, லிங்குவாக்லோஸா வழியாகக் கிழக்கே மிலோவுக்கு வந்து, தெற்கைச் சுற்றித் தென்மேற்கில் பியாங்கவில்லா பக்கம் முடியும். மேற்குச் சரிவு இதில் இல்லை. அங்கே புரோண்டே என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது திராட்சை அல்ல, பிஸ்தா.

எரிமலை மண் என்றால் எல்லா இடத்திலும் ஒரே கறுப்பு மண்தானே?

கேட்க நியாயமான கேள்விதான். ஆனால் எட்னாவில் ஒரு நாள் நடந்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள்.

மலையில் நெருப்பு எழத் தொடங்கி ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் ஒரே வாய் வழியாக, ஒரே திசையில் எரிமலைக் குழம்பு வரவில்லை. இன்று ஒரு விரிசல், முப்பது வருடம் கழித்து வேறு பக்கம் இன்னொன்று. ஆகவே பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றின் அடியில் பல்லாயிரம் ஆண்டுப் பாறை இருக்கும், அடுத்ததில் சில நூறு ஆண்டுப் பாறை இருக்கும். பழைய பாறை வெயிலிலும் மழையிலும் உடைந்து நொறுங்கி, ஆழமான கருமணலாகி, கொடியின் வேர் இறங்குகிற அளவுக்குப் பதமாகியிருக்கும். புதியது வெறும் கருங்கல் கடல். சிசிலிக்காரர்கள் அதை ஷாரா என்கிறார்கள். ஷாராவின் மேல் முதலில் சாம்பல் நிறப் பாசிப்படலம் படரும். அப்புறம் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு புதர்ச்செடி விரிசல்களில் வேரைச் செருகிக் கல்லைப் பிளக்கும். உழவுக்கு வர நூற்றாண்டுகள் பிடிக்கும்.

இது குழம்பின் கதை. சாம்பலின் கதை தனி. மலை இருமும்போதெல்லாம் மிளகு, கடலை அளவில் இலேசான துளைக்கற்கள் காற்றில் பறந்து வந்து விழும். கிழக்கு, தென்கிழக்குச் சரிவுகளில்தான் இது அதிகம், காரணம் மேலடுக்குக் காற்று பெரும்பாலும் அந்தப் பக்கம் வீசுகிறது. இந்தக் குருணை படிந்த மண்ணை அங்கே ரிபிட்டு என்பார்கள். ஒரு கைப்பிடி அள்ளினால் பார்வைக்குக் கனமாகத் தெரியும், கையில் கனம் இருக்காது. கல்லெல்லாம் ஓட்டை. மேலே தண்ணீர் ஊற்றினால் ஒரு நொடி கூட நிற்காது. ஆனால் அந்த ஓட்டைகளுக்குள் கொஞ்சம் ஈரம் தங்கிவிடும். கோடையில் கொடி அதை உறிஞ்சித்தான் தாக்குப்பிடிக்கிறது.

சத்துக் கணக்கில் பார்த்தால் பொட்டாசியம், இரும்பு, மக்னீசியம் எல்லாம் தாராளம். சுண்ணாம்பும் தழைச்சத்தும் குறைவு. தழைச்சத்து குறைந்தால் கொடி இலையாகத் தள்ளாது. நெல்லுக்கு அது கேடு, ஒயின் திராட்சைக்கு அதுவே நல்லது.

கொந்த்ராதா என்று லேபிளில் போடுகிறார்களே, அது என்ன?

நம் ஊரில் ஒரு கிராமத்துக்குள்ளேயே மேட்டுக்காடு, ஓடைக்காடு என்று நிலத்துக்குத் தனிப்பெயர் இருக்குமே, அதே மாதிரிதான். பழைய நிலப்பதிவுப் பெயர்கள் அவை. 2011-இல் எட்னா டி.ஓ.சி. விதிகளைத் திருத்தியபோது 133 கொந்த்ராதாக்களின் பெயரை லேபிளில் போட அனுமதித்தார்கள். பிறகு எண்ணிக்கை 142 ஆனது.

வடக்குச் சரிவில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கல்தெரரா சொத்தானா 600 முதல் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மண்ணைத் தேட வேண்டும், அவ்வளவும் கருங்கல் உருண்டைகள். குவார்தியோலா 800 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அங்கே அறுவடை பிந்தும், ஒயினில் புளிப்பு இன்னும் கூர்மையாக நிற்கும். இரண்டும் ஒரே திராட்சை வகை, சில கிலோமீட்டர் இடைவெளி. இதையெல்லாம் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. சில பாட்டில்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் ஒரே தயாரிப்பாளர் ஒரே முறையில் செய்த இரண்டு கொந்த்ராதா ஒயின்களை அருகருகே வைத்துக் குடித்தால் வித்தியாசம் தெரியாமல் போகாது.

அப்படியானால் ஒயினில் கந்தக வாசனையோ கல் ருசியோ வருமா?

வராது. பாறையில் உள்ள தாது அப்படியே வேர் வழியாக ஏறிப் பழத்தில் ருசியாக உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எட்னா ஒயினில் வரும் புகை, உப்பு, ஈரக்கல் போன்ற சாயல்களுக்குப் புளிப்பு, திராட்சை வகை, நொதித்த விதம் என்று பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. மண்ணின் வேலை மறைமுகமானது: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சத்து, எவ்வளவு சூடு என்று தீர்மானிப்பது.

சிசிலி வெயில் ஊர் ஆயிற்றே. ஒயின் ஏன் குளிர்நாட்டு ஒயின் போல மெலிவாக இருக்கிறது?

உயரம்தான் காரணம். எட்னா, வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் அட்சரேகையில் நிற்கிறது. கடற்கரையில் ஆகஸ்ட் மாதம் நிற்க முடியாது. ஆனால் தோட்டங்கள் பெரும்பாலும் 400 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், 800 மீட்டரில் கடற்கரையைவிட 5 டிகிரி குறைந்துவிடும். மலை உச்சியோ 3,300 மீட்டருக்கு மேல், குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும். செப்டம்பர் பகலில் நல்ல வெயில் அடிக்கும், பொழுது சாய்ந்ததும் உச்சியிலிருந்து குளிர்காற்று இறங்கும். இந்தப் பகல் இரவு வித்தியாசம் 20 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. பகலில் சர்க்கரை ஏறும், இரவில் புளிப்பு கரையாமல் நிற்கும்.

அறுவடையும் அதனால்தான் தாமதம். சிசிலியின் தாழ்நிலங்களில் ஆகஸ்டிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். எட்னாவில் சிவப்புத் திராட்சைக்கு அக்டோபர் நடு வர வேண்டும், உயர்ந்த தோட்டங்களில் நவம்பரும் பிறந்துவிடும்.

சரிவுக்குச் சரிவு வானிலை மாறும். கிழக்குப் பக்கம் அயோனியக் கடலைப் பார்த்து நிற்கிறது. ஈரக்காற்று மலையில் முட்டி மழையாகக் கொட்டும். கீழே, மலையடிவார நகரமான கட்டானியாவின் சமவெளிக்கு வருடத்துக்கு ஐந்நூறு மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை. மேலே மிலோ பக்கம் 1,200-ஐச் சுலபமாகத் தாண்டும். அதனால் மிலோ வெள்ளை ஒயினுக்குப் பெயர் போனது, வடக்கு சிவப்புக்கு. தெற்கில் வெயில் கூடுதல், மழை குறைவு.

என்னென்ன திராட்சை?

சிவப்பில் தலைவன் நெரெல்லோ மாஸ்கலேஸே. எட்னா ரோஸ்ஸோ எனப்படும் சிவப்பு ஒயினில் இது 80 சதவீதமாவது இருக்க வேண்டும். துணைக்கு நெரெல்லோ கப்புச்சோ, நிறத்துக்கும் மென்மைக்கும். மாஸ்கலேஸேவின் நிறம் வெளிறியது, கிளாஸின் மறுபக்கம் விரல் தெரியும். அதைப் பார்த்து 'தண்ணீர் மாதிரி இருக்கிறதே' என்று ஏமாந்தவர்கள் வாயில் வைத்ததும் துவர்ப்பில் நிமிர்ந்து உட்காருவார்கள். மரபணுச் சோதனையில் இதன் தாய் தகப்பனில் ஒன்று டஸ்கனியின் சாஞ்சோவேஸே என்று தெரிய வந்திருக்கிறது.

வெள்ளையில் கர்ரிகாந்தே. இத்தாலிய மொழியில் சுமை ஏற்றுவதற்கான சொல்லிலிருந்து வந்த பெயர், காய்ப்பு அவ்வளவு கனம். எட்னா பியாங்கோவில் 60 சதவீதம் இது வேண்டும். பியாங்கோ சுப்பீரியோரே என்றால் 80 சதவீதம், அதுவும் மிலோ ஊர் எல்லைக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும். புளிப்பு பல்லைக் கூசவைக்கும் இளம் வயதில் குடித்து இதை வெறுத்தவர்கள் உண்டு. ஐந்தாறு வருடம் பொறுத்தவர்களுக்குத்தான் இது தன்னைக் காட்டும்.

கொடிகள் பந்தலில் இல்லாமல் தனித்தனிக் குச்சியில் நிற்கின்றனவே?

அதற்கு அல்பெரெல்லோ என்று பெயர், 'குட்டி மரம்' என்று பொருள். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு செஸ்ட்நட் மரக் குச்சி. மரமும் அதே மலையில் வளர்வதுதான். சாண்ட்'அல்ஃபியோ ஊரில் ஆயிரம் வருடத்துக்கும் மேலான ஒரு செஸ்ட்நட் மரம் இன்னும் நிற்கிறது. கொடியைக் கவாத்து செய்து இடுப்பளவுக் குற்றுமரமாக வைத்திருப்பார்கள். பழைய தோட்டங்களில் ஹெக்டேருக்கு 8,000, 9,000 கொடிகள் நெருக்கமாக நிற்கும். நாலு பக்கமும் காற்று போகும், வெயில் படும். டிராக்டர் மட்டும் போகாது. மண்வெட்டியும் கோவேறு கழுதையும்தான்.

சரிவு விழாமல் நிற்கக் கருங்கல் அடுக்கிய படிநிலங்கள். காரை இல்லை, சிமெண்ட் இல்லை, கல்லின்மேல் கல். நிலத்தைத் தோண்டும்போது வந்த கல்லில் சுவரானது போக மிச்சத்தை நடுவில் கோபுரம் போலக் குவித்திருப்பார்கள். மண்ணைவிடக் கல் அதிகம் விளைந்த இடம் என்பதற்கு அந்தக் குவியல்களே சாட்சி.

நூறு வயதுக் கொடிகள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் லேபிளில் 'பழைய கொடி' என்று போட்டதெல்லாம் நூறு வயது அல்ல.

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலோக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அசுவினி இனத்தைச் சேர்ந்த பொடிப்பூச்சி. வேரைக் குத்தி உறிஞ்சும், வேர் அழுகிக் கொடி சாகும். அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் கடைசியில் கிடைத்த மருந்து. இன்று உலகத்தில் பெரும்பாலான ஒயின் கொடிகள் ஒட்டுக்கொடிகளே.

இந்தப் பூச்சிக்குக் களிமண்ணின் வெடிப்புகள் ராஜபாட்டை. மணலில் அதனால் வழி போட்டு நகர முடியாது. எட்னாவும் தப்பவில்லை, பெரும்பாலான தோட்டங்கள் போய்த் திரும்ப ஒட்டுக்கொடியாக நடப்பட்டன. ஆனால் கருமணல் ஆழமாகக் கிடந்த சில துண்டு நிலங்களில் பூச்சி நுழையவே இல்லை. அங்கே சொந்த வேரில் நிற்கும் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. கல்தெரரா சொத்தானாவில் அப்படி ஒரு துண்டு இருக்கிறது, 130 வருடத்துக்கு மேல். தண்டு முறுக்கிய கயிறு போல இருக்கும். சில கொடிகளின் நடு மரமே உளுத்துப்போய், ஒரு பக்கப் பட்டை மட்டும் உயிரோடு நின்று கைப்பிடி குலை தரும்.

பல்மெந்தோ என்பது என்ன?

மலை முழுக்க நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கும் கருங்கல் கட்டடங்கள். மின்சாரம் வருவதற்கு முன் ஒயின் செய்த இடம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கட்டடம் சரிவோடு சரிவாகப் படிப்படியாக இறங்கும். மேல்பக்கச் சுவரில் ஒரு ஜன்னல். கூடை சுமந்து வருபவர்கள் வெளியே நின்றபடியே அதன் வழியாகக் குலைகளைக் கொட்டுவார்கள். அவை கல் பாவிய அகலமான மிதிதளத்தில் விழும். ஆட்கள் கைகோத்து, சில இடங்களில் கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு, பாட்டுக்குத் தக்கபடி மிதிப்பார்கள். சாறு கல்லில் வெட்டிய மூக்கு வழியாகக் கீழே இன்னொரு கல் தொட்டிக்கு இறங்கும். நசுங்கிய சக்கையைக் குவித்து மேலே பலகை வைப்பார்கள். அதன்மேல் கட்டடத்தின் நீளத்துக்கு ஒரு தடித்த உத்தரம், முழு மரத்தைச் செதுக்கியது. அதன் நுனியில் ஆள் உயர மரத்திருகு, திருகின் அடியில் ஒரு பெரிய கருங்கல் உருளை. இரண்டு பேர் திருகைச் சுற்றச் சுற்ற உருளை தரையிலிருந்து எழும்பி அந்தரத்தில் தொங்கும். அந்த எடை முழுவதும் உத்தரம் வழியாகச் சக்கைமேல் இறங்கும். பிழிந்தது வாய்க்கால் வழியே இன்னும் கீழே பீப்பாய் அறைக்குப் போகும். பம்பு கிடையாது, எல்லாம் புவியீர்ப்பு.

மிதித்த சாற்றைத் தோலோடு ஊறவிடாமல் உடனே இறக்கிவிடும் முறை ஒன்று உண்டு. 'மிதி, சாறெடு' என்ற பொருளில் பிஸ்தா எ முத்தா என்பார்கள். வெளிறிய இளஞ்சிவப்பாக வரும், வீட்டுக்குக் குடிக்க.

கல்தொட்டியைக் கழுவிச் சுத்தம் செய்வது கடினம் என்ற காரணம் காட்டி, 1990-களில் ஐரோப்பியச் சுகாதார விதிகள் பல்மெந்தோவில் விற்பனைக்கு ஒயின் செய்வதை நிறுத்திவிட்டன. இன்று பல பல்மெந்தோக்கள் விடுதிகளாகவும் ருசிபார்க்கும் கூடங்களாகவும் மாறியிருக்கின்றன. அந்த உத்தரத்தடியில் மேசை போட்டு ஒயின் ஊற்றுவார்கள். பாதி பேர் தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இவ்வளவு பழைய பகுதி, ஏன் சமீபத்தில்தான் பேர் எடுத்தது?

பழைமைக்குக் குறையே இல்லை. கிரேக்கர்கள் கி.மு. 734-இல் மலையடிவாரக் கடற்கரையில் நாக்சோஸ் என்ற குடியேற்றத்தை அமைத்தார்கள். அந்த ஊர் அடித்த வெள்ளிக் காசில் ஒரு பக்கம் ஒயின் தெய்வம் டயோனைசஸ், மறுபக்கம் திராட்சைக் குலை. 1435-இல் கட்டானியாவில் திராட்சைத் தொழிலாளர்களுக்கென்று விஞ்ஞேரி என்ற சங்கமே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டானியா மாகாணத்தில் சுமார் 90,000 ஹெக்டேர் திராட்சை நின்றது. பிரான்சில் பூச்சி விழுந்த வருடங்களில் அங்கே ஒயினுக்குத் தட்டுப்பாடு, எட்னா ஒயின் ரிபோஸ்தோ துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. மலையைச் சுற்றிச் சர்க்கும்எட்னியா என்ற குறுகிய இரயில் பாதை 1890-களில் போடப்பட்டபோது ஒயின் பீப்பாய்களும் அதற்கு முக்கியச் சரக்கு.

அப்புறம் எல்லாம் சேர்ந்து இறங்கியது. பூச்சி இங்கேயும் வந்தது. இரண்டு உலகப் போர்கள். ஆட்கள் அமெரிக்காவுக்கும் வட இத்தாலித் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். கையால் மட்டுமே உழக்கூடிய படிநிலத்தை யார் பார்ப்பது? தங்கியவர்கள் விளைந்ததை மொத்தமாக, பெயரில்லாமல் விற்றார்கள். இன்று டி.ஓ.சி. கணக்கில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் ஹெக்டேர். பழைய மாகாணக் கணக்கோடு நேரடியாக ஒப்பிட முடியாதுதான், இருந்தாலும் எவ்வளவு சுருங்கியது என்பது புரியும்.

மருந்துத் தொழிலில் இருந்த ஜூசெப்பே பெனாந்தி 1988-இல் ஒயின் இயலாளர் சால்வோ ஃபோத்தியோடு சேர்ந்து, இந்த மலையில் உயர்தர ஒயின் முடியும் என்று மறுபடி தொடங்கினார். 2000-ஐ ஒட்டி வெளியாட்கள் வந்தார்கள்: ஆந்த்ரேயா ஃபிராங்கெத்தி, மார்கோ தே கிராட்சியா, பெல்ஜியத்திலிருந்து ஃபிராங்க் கொர்னெலிசன். கைவிடப்பட்ட பழைய தோட்டங்களைத் தேடிப் பிடித்தார்கள். பிடுங்கிப்போட்டுப் புதுக்கொடி நடக்கூட யாருக்கும் காசில்லாமல் இருந்ததால்தான் அந்தக் கிழட்டுக் கொடிகள் மிஞ்சியிருந்தன.

மலை வெடித்தால் தோட்டம் என்ன ஆகும்?

குழம்பு வந்தால் போனது போனதுதான். 1928 நவம்பரில் மாஸ்கலி என்ற ஊர் ஏறக்குறைய முழுதாகக் குழம்புக்கடியில் போனது. நெரெல்லோ மாஸ்கலேஸேவுக்குப் பெயர் தந்தது அந்த ஊர் வட்டாரம்தான். இன்றைய மாஸ்கலி வேறு இடத்தில் புதிதாகக் கட்டியது. 1981 மார்ச்சில் வடக்குச் சரிவில் ஒரு விரிசல் திறந்தது. சில நாட்களில் குழம்பு தோட்டங்களையும் சாலையையும் இரயில் பாதையையும் தாண்டி, ரண்டாட்சோ ஊரை மயிரிழையில் தவறவிட்டு, அல்காந்தரா ஆற்றங்கரைக்கு வந்து நின்றது.

அடிக்கடி வரும் தொல்லை சாம்பல்தான். 2021-இல் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை மலை சாம்பல் கக்கியது. தெருவில், கூரையில், காரின்மேல் கருங்குருணை. பழம் தொங்கும் மாதங்களில் விழுந்தால் தோலைக் கீறும், குலைக்குள் புகுந்து உட்காரும், கழுவி எடுப்பது பெரும்பாடு. குளிர்காலத்தில் விழுந்தால் விவசாயி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அது நாளடைவில் மண்ணோடு சேர்ந்துவிடும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? எப்படிக் குடிப்பது?

எட்னா ரோஸ்ஸோ, எட்னா பியாங்கோ என்று போட்டிருந்தால் மேலே சொன்ன விதிகள் பொருந்தும். ரிசெர்வா என்றால் சிவப்பு 4 வருடமாவது முதிர்ந்திருக்கும். பிறை எல்லைக்கு மேலே, இன்னும் உயரத்தில் விளைந்தவற்றுக்கு எட்னா பெயரே போட முடியாது, தெர்ரே சிச்சிலியானே என்ற பொதுப்பெயரில் வரும். அதைப் பார்த்து மட்டமாக நினைக்க வேண்டாம், மலையின் விலை உயர்ந்த சில பாட்டில்கள் அந்தப் பெயரில்தான் வருகின்றன.

சிவப்பை 'அறை வெப்பத்தில்' என்பார்கள். அது நம் ஊர் அறை அல்ல. 16 டிகிரி போதும், அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம். கட்டானியாவில் கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளிச் சாற்றோடு போட்டுச் செய்யும் பாஸ்தா அல்லா நோர்மாவோடு குடிப்பார்கள். வெள்ளைக்கு மீன்.

நேரில் பார்க்க எப்போது போகலாம்?

அறுவடை பார்க்க அக்டோபர். பறிக்கிற வாரத்தில் விவசாயிக்குப் பேச நேரம் இருக்காது, முன்னால் சொல்லிவிட்டுப் போங்கள். கார் இல்லாவிட்டால் அந்தப் பழைய சர்க்கும்எட்னியா இரயில் இருக்கிறது. அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது. மேற்கில் பிஸ்தாக் காடுகளைச் சுற்றிக்கொண்டு ரண்டாட்சோவுக்கு வரும். அங்கிருந்து கிழக்கே போகும்போது தோட்டங்கள் சட்டென்று நின்று, இரண்டு பக்கமும் கருங்கல் எழும்பும். அது 1981-இன் குழம்பு. சில நிமிடம்தான், அதைத் தாண்டியதும் மறுபடி கொடிகள்.